பெற்றோர் நாளில் எழுந்து நின்றவர்

நம் வகுப்புக் குழுவில் போன மாதம் ஒருவர் ஒரு செய்தி போட்டிருந்தார். 'எட்டாம் வகுப்பு பெற்றோர் நாளில் ஒரு குடிகாரர் மேடையில் ஏறப் பார்த்தாரே, யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?' கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. நானும் பார்த்தேன். பதில் போடவில்லை. ஒரு வரியில் போடக்கூடிய பதில் என்னிடம் இல்லை.

பள்ளி மலருக்காக ஆளுக்கொரு பழைய ஞாபகம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் எழுதிக் கொடுப்பது இதுதான். மலரில் போடத் தகுந்தது இல்லை என்று தோன்றினால் விட்டுவிடுங்கள். ஆனால் அந்தச் சிரிக்கும் முகங்களைப் போட்டவர்கள் மட்டுமாவது கடைசி வரை படித்துவிட வேண்டும்.

அவர் குடித்திருக்கவில்லை. எங்கள் கடைக்கு வந்துபோன ஆண்களில் வாழ்நாளில் குடியே தொடாதவர் அவர் ஒருவர்தான் என்று என் அப்பா சொல்வார்.

அப்போது நம் பள்ளி நடுநிலைப்பள்ளி. எட்டோடு முடிந்துவிடும். அதற்குமேல் பையன்கள் தண்டவாளத்தைத் தாண்டி பெரிய பள்ளிக்குப் போவார்கள். பெண்களில் பாதிப் பேர் எங்கேயும் போகமாட்டார்கள். மீன் காயப்போடும் இடத்திலோ உப்பளத்திலோ அவர்களை அடுத்த வருடம் பார்க்கலாம். தலைமையாசிரியர், நாம் பெரிய சார் என்று கூப்பிட்டவர், இதை மாற்றியே தீருவது என்று பிடிவாதமாக இருந்தார். நம் பள்ளியைப் பத்தாம் வகுப்பு வரை உயர்த்தித் தரச் சொல்லி மனு மேல் மனுவாக எழுதினார். தேர்ச்சி நன்றாக இருந்தால்தான் பரிசீலிப்போம் என்று மேலிருந்து பதில் வந்தது. அந்த வருடம் முழுவதும் அவர் நடையே வேறாக இருந்தது. காலையில் வழிபாடு முடிந்ததும் நம்மைப் பார்த்து, "எட்டாம் வகுப்பில் ஒருத்தர்கூடத் தோற்கக் கூடாது" என்பார். கடல் காற்று மைதானத்து மணலை வாரி நம் வாயில் போடும். பல்லில் நறநறக்கும் மணலோடு, "சரி சார்" என்று சொல்லுவோம்.

என் பெஞ்சில் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவளை உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். நெட்டையாக இருப்பாள். எண்ணெய் காணாத செம்பட்டை முடி. ஆங்கிலமும் கணக்கும் அவளுக்கு ஏறவே இல்லை. ஆனால் டீச்சர் வராத நாளில் எழுந்துபோய், எதையும் பார்க்காமல், கரும்பலகையில் நம் கடற்கரையை வரைவாள். முயல் தீவு இங்கன, வான் தீவு அங்கன, இடையில் ஆழம் இவ்வளவு பாகம் என்று சொல்லிக்கொண்டே வரைவாள். அதற்கு மார்க் கிடையாது.

அவள் அப்பா சங்கு குளிப்பவர். சங்குக் காலம் வந்துவிட்டால் வாரம் முழுக்க வள்ளத்தில்தான் இருப்பார். சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வருவார். திங்கள்கிழமை வெளுக்கும்போது போய்விடுவார். வரும்போதெல்லாம் எங்கள் பலசரக்குக் கடைக்கு வந்து சாமான் வாங்குவார். கடலுக்கடியில் கண்ணைத் திறந்து சங்கு தேடித் தேடி அவர் கண்கள் இரண்டும் எந்நேரமும் சிவந்திருக்கும். இளவட்டமாக இருந்தபோது, கடைசியாக இங்கே முத்துக் குளிப்பு நடந்த வருடம், ஆழத்தில் வைத்து ஒரு காது உடைந்துபோயிற்று. மற்றதும் பாதிதான் கேட்கும். அதனால் சத்தமாகப் பேசுவார். நடக்கும்போது லேசாகத் தள்ளாடுவார். கடையில் புதிதாக யாராவது நின்றால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அவர் கவனிக்க மாட்டார். மிட்டாய் பாட்டிலைக் காட்டி, "எம்மவளுக்கு ரெண்டு, உம்மவளுக்கு ரெண்டு அண்ணாச்சி" என்பார்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதிய மணி அடித்ததும் வகுப்பு டீச்சர் என்னை மட்டும் நிறுத்தினார்.

"அவ அப்பா உங்க கடைக்கு வருவாருல்லா?"

"சனிக்கிழமை வருவாரு டீச்சர்."

"இத அவரு கையில குடு. அவ கையில குடுக்காத, கிழிச்சிருவா."

அரைத்தாள், நீல மை, கீழே பள்ளி முத்திரை. ஒட்டியிருக்கவில்லை. படித்தேன். தங்கள் மகள் பாதி நாட்களுக்கு மேல் பள்ளிக்கு வரவில்லை, அரையாண்டில் மூன்று பாடங்களில் தேறவில்லை, பத்து நாட்களுக்குள் நேரில் வந்து பேசாவிட்டால் பெயர் நீக்கப்படும் என்று எழுதியிருந்தது.

அவளிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அடிபம்பு அருகில் வைத்துச் சொன்னேன். அவள் பம்பின் கைப்பிடியை விட்டுவிட்டாள்.

"குடுக்காதளா."

"டீச்சர் கேப்பாங்க."

"அம்மாக்கு இருமுனா ரத்தம் வருது. நின்னு வேல பாக்க முடியல. அளத்துல அம்மா எடத்துக்கு நாந்தான் போறேன். அப்பாக்குத் தெரியாது. எம்மவ உப்புல கால் வைக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லிருக்கு. தெரிஞ்சா கடலுக்குப் போவாது. வீட்டுலயே உக்காந்துரும்."

அப்போதுதான் அவள் கால்களைப் பார்த்தேன். குதிகால் இரண்டும் வெடித்து, வெடிப்புக்குள் வெள்ளையாக இருந்தது. பள்ளிக்கு வரும் நாட்களில் அதை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு வருவாளாம். அந்த வாடையை நாம் எல்லோரும் கேலி செய்திருக்கிறோம். நானும் செய்திருக்கிறேன்.

கொடுக்க மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். தாளைக் கிழிக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். கடையில் பொட்டலம் மடிக்கப் பழைய பேப்பரும் பழைய நோட்டுகளும் அடுக்கி வைத்திருப்பார்கள். அடுக்கின் அடியில், கீழே விரித்திருந்த சாக்கோடு ஒட்டினாற்போல் சொருகினேன்.

வெள்ளிக்கிழமை அவள் ஓட்டமும் நடையுமாக வந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"ஏளா, அம்மா சொல்லிட்டா. அப்பாட்ட எல்லாத்தையும் சொல்லிருவோம்னுட்டா. ஆசுபத்திரிக்கும் போவணுமாம். நாளைக்கு அப்பா வந்தா அந்தத் தாள அப்பா கையில குடுத்துரு. அப்பா வந்து டீச்சர்ட்ட பேசும்."

பள்ளி விட்டதும் கடைக்கு ஓடினேன். அடுக்கு ஏறக்குறையக் காலியாகியிருந்தது. அப்பா ஒரு நோட்டுத்தாளைக் கூம்பாக உருட்டி அதில் கடுகு போட்டுக்கொண்டிருந்தார். அடியில் கைவிட்டுத் துழாவினேன். சாக்குதான் கையில் தட்டுப்பட்டது. அந்த வாரம் யாரோ மொத்தமாகச் சாமான் வாங்கியிருக்கிறார்கள். முத்திரை போட்ட அந்தத் தாள் யார் வீட்டு அடுப்படிக்கு எந்தச் சீரகத்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று என்று எனக்குத் தெரியாது.

இந்த இடத்தில் நான் டீச்சரிடம் போய்த் தாள் தொலைந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் இரண்டு அடி விழுந்திருக்கும். அவ்வளவுதான். வேறொரு தாள் எழுதியிருப்பார்கள். எத்தனையோ தடவை இதை யோசித்துப் பார்த்துவிட்டேன். ஆனால் நான் வகுப்புத் தலைவி. அந்த வருடம் ஒரு அடிகூட வாங்கியதில்லை. அடியைவிட, வாங்கியதில்லை என்ற பெயர் போய்விடும் என்று பயந்தேன்.

சனிக்கிழமை காலை அவள் கடைவாசலில் காத்திருந்தாள். "டீச்சரே தாளத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க. இனிமே ஒழுங்கா வந்தாப் போதும்னுட்டாங்க" என்றேன்.

அவள் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்தாள். உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது. "அப்போ இப்ப அப்பாட்ட சொல்ல வேண்டாம். சீசன் முடியட்டும்" என்று சொல்லிக்கொண்டே போனாள். ஆசுபத்திரியும் சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போயிற்று. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

அடுத்த வாரம் அவள் ஒரு நாள் விடாமல் வந்தாள். உப்பளத்துக்கு யாரை அனுப்பினார்கள், எப்படிச் சமாளித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. பத்து நாள் கெடு முடிந்து வந்த திங்கள்கிழமை காலை, டீச்சர் வருகைப் பதிவேட்டில் என் பெயருக்குப் பிறகு அவள் பெயரை விட்டுவிட்டு அதற்கடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

அவள் எழுந்து நின்றாள். "டீச்சர், என் பேரு."

"உங்க வீட்டுக்கு எழுதியாச்சு. யாரும் வரல. பேர அடிச்சாச்சு. நான் என்ன செய்ய முடியும்? வெளிய நில்லு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் புத்தகத்தைப் பார்த்தேன். எந்தப் பக்கம் திறந்திருந்தது என்பதுகூட நினைவிருக்கிறது. அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். பிறகு வரவில்லை. ஆனால் தினமும் காலையில் பையோடு வீட்டைவிட்டுக் கிளம்பினாள் என்றும், அளத்து ஓரத்துக் கொட்டகையில் பையை மாட்டிவிட்டு வேலை பார்த்தாள் என்றும் பின்னால் கேள்விப்பட்டேன்.

அந்தப் பருவத்தில் அவளைச் சேர்த்து ஏழு பேர் பெயர் போயிற்று. ஏழு பேருமே தேறமாட்டார்கள் என்று கருதப்பட்டவர்கள்.

பெற்றோர் நாளுக்கு முந்தின வாரம் பெரிய சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதால் பள்ளியின் ஆண்டறிக்கையைச் சுத்தப் பிரதி எடுக்கும் வேலை எனக்கு. பெற்றோர்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, வருகிற கல்வி அதிகாரியின் கையில் கொடுக்க வேண்டும். அறையில் கோந்து வாடையும் பழைய மூங்கில் தட்டியின் வாடையும் அடிக்கும். மேஜையில் பித்தளைக் கைமணி. தலைப்புக்குச் சிவப்பு மை, மற்றதற்கு நீலம். எட்டாம் வகுப்பில் தேர்வுக்குப் போகிறவர்களின் பெயர், தந்தை பெயர், அரையாண்டு மதிப்பெண் என்று ஒரு பட்டியல். முதல் பெயர் என்னுடையது.

பட்டியலின் கடைசிக்கு வந்து, அந்த ஏழு பேருடைய பெயர்களும் இல்லாததைப் பார்த்ததும் பேனா நின்றது.

"சார், அவ அப்பாவுக்கு விஷயம் தெரியாதோ என்னமோ."

பெரிய சார் கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படவில்லை. "இந்தப் பள்ளி பத்தாம் வகுப்பு வரைக்கும் வந்துட்டுன்னா இந்தக் கரையில எத்தனை பொம்பளப் பிள்ளைங்க படிக்கும் தெரியுமா? ஏழு பேருக்காக அத்தனை பேரையும் நிறுத்தச் சொல்லுதியா? ஜூன் மாசம் அவங்களைத் திரும்பச் சேத்துக்கிடுவோம். எழுது."

எழுதினேன். முடித்ததும் தாளைத் தூக்கிப் பிடித்து, அச்சடித்த மாதிரி இருக்கிறது என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பதில் அர்த்தமில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அவள் அப்பா கடைக்கு வந்தபோது என் அப்பா நல்லெண்ணத்தில்தான் சொன்னார். "வார வெள்ளிக்கிழமை சாயந்திரம் பள்ளிக்கூடத்துல பெத்தவங்க கூட்டம். எட்டாம் வகுப்புப் பிள்ளைய பேரெல்லாம் வாசிக்காவளாம். நீரும் ஒருநாள் கடல விட்டுட்டு வாரும்."

அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். இரண்டாம் முறை சத்தமாகச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பன் பேரையும் சேத்தா வாசிக்காவ?"

"ஆமா."

என் பக்கம் திரும்பினார். "எம்மவ எப்படி படிக்கா, பிள்ள?"

உள்ளே ஓடிவிடலாமா என்றிருந்தது. "நல்லா படிக்கா, மாமா" என்றேன்.

"அவகிட்ட கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டா. கூச்சம்" என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கூட்டம். மைதானத்தில் தென்னங்கீற்றுப் பந்தல். கோயிலிலிருந்து கொண்டுவந்த பெஞ்சுகள். முன்வரிசையில் கடைக்காரர்கள், துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள். பின்னால் கடலுக்குப் போகிறவர்களும் அளத்துக்குப் போகிறவர்களும். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. அவர்களாகவே உட்கார்ந்தார்கள். நான் மேடை ஓரத்தில் ஆண்டறிக்கையின் பிரதிகளை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் கடைசிக்கு முந்தின பெஞ்சில் இருந்தார். பெட்டியில் மடித்தே கிடந்த வெள்ளைச் சட்டை, மடிப்புக்கோடு நெஞ்சின் குறுக்கே தெரிந்தது. மகள் வரவில்லை. வயிற்றுவலி என்று சொல்லிவிட்டாளாம்.

பெரிய சார் வாசிக்க ஆரம்பித்தார். பெயரை வாசித்ததும் அந்தப் பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ எழுந்து நிற்க வேண்டும், எல்லோரும் கை தட்ட வேண்டும். என் பெயர் வந்தபோது என் அப்பா எழுந்து துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு நின்றார். உங்கள் வீட்டுப் பெரியவர்களும் நின்றார்கள். உங்களுக்கு அது நினைவிருக்கும். சங்கு குளிப்பவர் ஒரு உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, உதடு லேசாகத் திறந்திருக்க, ஒவ்வொரு பெயருக்கும் பெஞ்சிலிருந்து கொஞ்சம் எழும்புவார், தன் மகள் பெயர் இல்லை என்றதும் உட்காருவார்.

"எட்டாம் வகுப்பு முடிந்தது. இந்த ஆண்டு நம் பள்ளியிலிருந்து தேர்வுக்குச் செல்லும் ஒருவர்கூடத் தோற்கமாட்டார் என்று பெற்றோர்களாகிய உங்களுக்கு உறுதி கூறுகிறேன். அடுத்து ஏழாம் வகுப்பு."

சங்கு குளிப்பவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். அவர் உதட்டைப் பிதுக்கினார். இவர் எழுந்துவிட்டார்.

"ஐயா, ஒரு நிமிசம். எனக்குக் காது மந்தம். எம்மவ பேர வாசிச்சியளா? நாந்தான் கேக்காம விட்டுட்டனா?"

சத்தமாகத்தான் கேட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே குரல் அது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உட்காருங்க," என்றார் பெரிய சார்.

அது அவருக்குக் கேட்கவில்லை. கேட்கும் தூரத்துக்கு வரலாம் என்று பெஞ்சுகளுக்கு நடுவே முன்னால் வந்தார். "கோவிச்சுக்கிடாதிய ஐயா. பேர ஒருதரம் சொன்னாப் போதும். கேட்டுட்டு உக்காந்துருவேன்." மேடைக்கு நாலடி இருக்கும்போது மைக்கின் ஒயர் காலில் மாட்டியது. தள்ளாடிப் போய் மேடை விளிம்பைப் பிடித்தார். மைக் கீச்சென்று கத்தியது. கல்வி அதிகாரி நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். சிவந்த கண்கள், உரத்த குரல், தள்ளாட்டம். பெரிய சார் அதிகாரியின் முகத்தைப் பார்த்தார். பிறகு மைக்கில் சொன்னார்.

"யாராவது இவரை வெளியே கூட்டிட்டுப் போங்க. பெற்றோர் நாளில்கூடக் குடிச்சிட்டு வந்தா, பிள்ளைங்க எப்படிப் படிக்கும்?"

பந்தல் முழுக்கச் சிரித்தது. நாமும் சிரித்தோம். அவருக்கு என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து, ஏதோ வேடிக்கையாகப் பதில் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்து அவரும் சிரித்தார். டிரில் சார் வந்து முழங்கையைப் பிடித்ததும் அந்தச் சிரிப்போடேதான் திரும்பி நடந்தார். வாசலில் யாரோ அவர் காதருகே குனிந்து சொல்லியிருக்க வேண்டும். அங்கே அப்படியே நின்றார். திரும்பி நம்மைப் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

என் அப்பா முன்வரிசையில்தான் இருந்தார். 'அவர் குடிக்க மாட்டார்' என்று எழுந்து சொல்லியிருக்க வேண்டியவர் அவர் ஒருவர்தான். தலையைக் குனிந்துகொண்டு ஆண்டறிக்கையைப் புரட்டினார். வீட்டுக்கு வரும் வழியில், நான் கேட்காமலே, "அதிகாரியெல்லாம் இருக்காவ. அந்த எடத்துல நம்ம என்ன சொல்ல?" என்றார். பிறகு அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

திங்கள்கிழமை அவள் அப்பா கடலுக்குப் போகவில்லை. முதல் மணி அடிப்பதற்கு முன்பே, அதே வெள்ளைச் சட்டையில், பள்ளி வாசலில் நின்றார். இரண்டாம் பாடவேளை நடக்கும்போது பியூன் வந்து என்னைப் பெரிய சார் கூப்பிடுவதாகச் சொன்னார்.

அறைக்குள் பெரிய சார், வகுப்பு டீச்சர், அவர். மேஜைமேல் ஒரு பதிவேடு திறந்திருந்தது. 'கடிதம் கொடுத்தனுப்பப்பட்டது' என்ற வரியின்மேல் பெரிய சாரின் விரல் இருந்தது.

"இவ கையிலதான் சார் குடுத்தேன்," என்றார் டீச்சர்.

"குடுத்தியா?"

அவள் அப்பா என் பக்கமாகக் காதைச் சாய்த்து, என் வாயையே பார்த்தபடி குனிந்திருந்தார். சட்டையிலிருந்து கட்டிச் சோப்பின் மணம் வந்தது.

"குடுத்தேன் சார். அவங்க அம்மாட்ட குடுத்தேன்."

டீச்சர் அதை அவருக்குக் கேட்கும்படி திரும்பச் சொன்னார். அவர் நிமிர்ந்தார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"குடுத்திருப்பா. சின்னப் பிள்ள பொய் சொல்லாது," என்றார்.

தேர்வுப் பட்டியல் மேலே போய்விட்டது, இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது, ஜூனில் கூட்டி வாருங்கள் என்று பெரிய சார் சத்தமாகச் சொன்னார். அவர் கும்பிட்டார். கதவு வரை போய்த் திரும்பி, "ஐயா, வெள்ளிக்கிழமை நான் குடிச்சிருக்கல. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது," என்றார்.

"சரி, சரி."

அவ்வளவுதான். வேறு யாரும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வாரமே அவர்கள் வீடு பூட்டிக் கிடந்தது. மனைவியைப் பெரிய ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார், ரொம்ப முற்றிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள், ஆலந்தலையில் அவள் பிறந்த வீட்டுக்குக் குடும்பத்தோடு போய்விட்டார் என்று கடையில் பேசிக்கொண்டார்கள். கோடை விடுமுறையில் அந்த அம்மா இறந்துபோன செய்தி வந்தது. ரெண்டு மாசம் முன்னால் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னதாகச் சாமான் வாங்க வந்த ஒருத்தி சொன்னாள். நான் உள்ளே அரிசிச் சாக்கின்மேல் உட்கார்ந்து மாதங்களைக் கூட்டிப் பார்த்தேன்.

நாம் எல்லோரும் தேறினோம். ஜூன் மாதம் பள்ளி தரம் உயர்ந்தது. அந்தப் பள்ளியிலேயே பத்தாம் வகுப்பு வரை நானும் படித்தேன், நீங்களும் படித்தீர்கள். அதன் பிறகு டைப் அடிக்கக் கற்றுத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் முப்பது வருடம் வேலை பார்த்தேன். பெரிய சார் சொன்னது பொய்யில்லை, அந்தக் கரையில் எத்தனையோ பெண் பிள்ளைகள் அதனால் படித்தார்கள். பெயர் போன ஏழு பேரில் ஒருவர்கூட ஜூனில் திரும்பி வரவில்லை. யாரும் போய்க் கூப்பிடவும் இல்லை.

போன வருடம் குலசேகரன்பட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போனேன். ஆலந்தலை விலக்கில் பஸ் நின்றபோது சுவரில் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி ஒட்டியிருந்தது. பெயரைப் படித்தேன். படத்தில் ஒரு கிழவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, யாரோ சொல்வதைக் கேட்பதுபோல இருந்தார். இறங்கிவிட்டேன்.

அவள்தான் கதவைத் திறந்தாள். நாற்பத்தைந்து வருடம் கழிந்திருந்தது, ஆனாலும் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். "உள்ள வா" என்றாள். நாற்காலி போட்டாள். அடக்கம் முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. கேரளத்தில் இறால் உரிக்கும் கம்பெனியில் பதினெட்டு வருடம் இருந்தேன் என்றாள். பனிக்கட்டியில் கை வைத்து வைத்து விரல் நுனி வழவழவென்று ஆகிவிட்டது. ஆதார் எடுக்கப் போனபோது ரேகை விழவில்லை என்று கையை விரித்துக் காட்டினாள். கல்யாணம் ஆகி, கணவரும் இறந்துவிட்டார். ஒரு மகன் வெளிநாட்டில் படகு வேலையில் இருக்கிறான்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் இறங்கியிருந்தேன். சொன்னேன். தாள் கடையில் பொட்டலமாகப் போனதை, டீச்சர் திருப்பி வாங்கிக்கொண்டார் என்று அவளிடம் சொன்ன பொய்யை, அன்றைக்கு அறையில் சொன்னதை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் குறுக்கிடாமல் கேட்டாள். "அம்மாட்ட குடுத்தேன்னு நீ சொன்னது மட்டும் அம்மா காதுக்குப் போவல," என்றாள். "அப்பா வந்து என்ட்டதான் கேட்டுது. தாளு வந்துச்சு, நாந்தான் கிழிச்சிட்டேன்னு சொன்னேன்."

"நீ ஏன் அப்படிச் சொன்ன?"

"அம்மா அப்ப கெடந்த கெடையில அவளப் போயி கேள்வி கேக்கவா? என்ன சொல்லச் சொல்லுத?" என்றாள். "அப்பா நம்பல. நீ கிழிக்கல, அந்தப் பிள்ளதான் பொய் சொல்லுதுன்னுச்சு. பேசும்போது வாயத்தான் பாக்கும் அப்பா. காது கேக்காதுல்லா. உன் வாயப் பாத்தாலே தெரிஞ்சிட்டாம்."

"அப்போ ஏன் அங்கேயே சொல்லல?"

"நானும் கேட்டேன். சொல்லிருந்தா அந்தப் பிள்ள பேரையும் அடிச்சிருவாவ, ஒரு பிள்ள பேரு போனது போதும்னுச்சு."

வெளியே யாரோ மீன் விற்றுக்கொண்டு சைக்கிளில் போனார்கள். அந்த ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு அவள் எழுந்துபோய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தாள்.

"அப்பா அத அன்னைக்கே விட்டுருச்சு," என்றாள். "எனக்கு அப்படி விட முடியல. ரொம்ப வருசம் முடியல. கம்பெனியில ஐசுல நிக்கும்போதெல்லாம் உன்னத்தான் நெனப்பேன். நல்லதா இல்ல. இப்ப எப்படின்னு கேக்காத. எனக்கே தெரியல."

நான் தலையாட்டினேன். மன்னித்துவிடு என்று கேட்கத் தயாராகி வந்த வார்த்தைகளை அதன் பிறகு எடுக்க முடியவில்லை.

அவள் எழுந்துபோய்க் கறுப்புக் காபி போட்டுக்கொண்டு வந்தாள். நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு கேட்டாள்:

"அந்த வருசம் பரீட்சையில யாரு மொதல்ல வந்தா?"

"நான்தான்."

"ம்" என்றாள். டம்ளரை வாங்கிக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள்தான் சொன்னாள்.